டிக்கியின் விளிம்பிலே

பழைய மோட்டார்க் கார் ஒன்றைப் புதுப்பிக்க முனைவோர் முதலில் எஞ்சினைக் கவனிக்கின்றனர். அடுத்து வண்ணப்பூச்சைக் கவனிக்கின்றனர். காரின் பின்புறத்தே பெட்டி படுக்கைகளை வைக்கும் டிக்கியின் விளிம்பைச் சுற்றி ஓடும் ரப்பர்ப் பட்டை, பெரும்பாலும் கடைசியில்தான் அவர்கள் நினைவுக்கு வருகிறது. பட்டறைக்காரர்கள் அதனைப் 'பீடிங்' என்பர். விரற்பருமனே உள்ள இப்பட்டைக்கும் ஒரு வரலாறு உண்டோ என்று மாணவர்களாகிய நீங்கள் வினவலாம். உண்டு, அது கண்டங்கள் பலவற்றைத் தழுவிய வரலாறு.

முதலில் டிக்கியின் கதையைப் பார்ப்போம். தொடக்க காலக் கார்களில் சாமான் வைக்கத் தனி அறை கிடையாது. பயணம் போவோர் தம் டிரங்குப் பெட்டியைக் காரின் பின்னே ஒரு சட்டத்தில் வைத்து வாரினால் கட்டினர். அதனால்தான் அமெரிக்கர் இன்றும் அப்பகுதியை 'டிரங்க்' என்று அழைக்கின்றனர். குதிரை வண்டிக் காலத்துச் சொல்லாகிய 'பூட்' என்பதை ஆங்கிலேயர் வைத்துக்கொண்டனர். இருவர் மட்டும் அமரும் பழைய கார்களின் பின்புறத்தில், திறந்து மடக்கும் உபரி இருக்கை ஒன்று இருந்தது. அதற்கு 'டிக்கி' என்று பெயர். அவ்விருக்கை மறைந்துவிட்டது, நம் நாட்டிலே அதன் பெயர் மட்டும் சாமான் அறைக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

1930களில் அப்பெட்டி காரின் உடலோடு ஒன்றாகி, மேலே மூடியும் பெற்றது. அன்று தொடங்கிற்று ஒரு தொல்லை. தகட்டின் மேல் தகடு இடைவெளியின்றி அமர்வதில்லை. அவ்விடைவெளி வழியே மழைநீர் இறங்கும். நீர் தேங்கினால் தரைத்தகடு துருப்பிடிக்கும். சாலைப் புழுதியும் புகும். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. ஓடும் காரின் பின்னே காற்றழுத்தம் குறைகிறது. ஆதலால் வெளியேறிய புகை மீண்டும் காரை நோக்கி இழுக்கப்படுகிறது. அப்புகையிலே கார்பன் மோனாக்ஸைடு என்னும் நஞ்சு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தின் செந்நிறப் பொருளோடு, பிராணவாயுவைக் காட்டிலும் ஏறத்தாழ 200 மடங்கு வலிமையாகப் பற்றிக்கொள்ளும் இயல்பு உடையது அது. பல கார்களில் டிக்கிக்கும் பின்னிருக்கைக்கும் இடையே இருப்பது மெல்லிய தடுப்பே. ஆகவே பீடிங் பெட்டியை மட்டும் காப்பதன்று. பின்னிருக்கையில் உறங்கும் குழந்தையையும் காப்பது.

நீரையும் காற்றையும் தடுக்கும் இப்பொருள் எங்கிருந்து வந்தது? 1736-இல் லா கோண்டமைன் என்னும் பிரெஞ்சு அறிஞர், தென்னமெரிக்காவிலிருந்து பாரிஸுக்கு ரப்பர் மாதிரிகளை அனுப்பினார். அந்நிலப் பகுதிகளின் மக்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே அதன் பயனை அறிந்திருந்தனர். 1770-இல் பென்சில் எழுத்தைத் தேய்த்தழிக்க அது உதவுவதை ஜோசப் பிரீஸ்ட்லி குறித்தார். ஆங்கிலத்தில் தேய்ப்பது என்னும் பொருள்படும் 'ரப்பர்' என்ற பெயர் அதற்கு நிலைத்தது. 1823-இல் சார்லஸ் மாக்கின்டாஷ் இரு துணிகளுக்கிடையே ரப்பர்க் கரைசலைப் பூசி மழைக்கோட்டு செய்தார். ஆயினும் அக்காலத்து ரப்பர் கோடையில் இளகிப் பிசுபிசுத்தது. குளிரில் மரக்கட்டைபோல் விறைத்தது.

இக்குறையை நீக்கியே தீருவது என்று உறுதி பூண்டவர் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர். கடனுக்காகப் பலமுறை சிறை சென்றும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 1839-இல் கந்தகம் கலந்த ரப்பர் கடுஞ்சூடு பட்டபோது, இளகாமல் உறுதி பெற்றதைக் கண்டார். 1844-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் அதே முறைக்கு உரிமை பெற்றுக்கொண்டார். உரோமரின் தீக்கடவுளாகிய வல்கன் பெயரால் இம்முறை வழங்கலாயிற்று. நம் ஊர்ச் சாலையோரப் பஞ்சர்க் கடைகளில் 'வல்கனைசிங்' என்று எழுதியிருப்பதன் மூலம் இதுவே. உலகுக்கு ரப்பரைத் தந்த குட்இயர், 1860-இல் பெருங்கடனோடு மாண்டார். அவர் பெயர் தாங்கிய டயர்க் கம்பெனி 1898-இல் பிறரால் தொடங்கப்பெற்றது.

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொணர்ந்தார். முளைத்தவை 3,000-க்கும் குறைவே. அக்கன்றுகளுள் பெரும்பாலானவை இலங்கைக்கு வந்தன. பின்னர் மலாயாவிலும் ரப்பர்க் காடுகள் எழுந்தன. மோட்டார் பெருகப் பெருக ரப்பரின் தேவையும் பெருகிற்று. அத்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து, மரம் மரமாகப் பட்டை சீவிப் பால் எடுத்தவருள் பல்லாயிரவர் தமிழகத்திலிருந்து கப்பலேறிய எளிய மக்கள். ஆப்பிரிக்காவின் காங்கோவிலோ, பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில், 1908 வரை, ரப்பருக்காக மக்கள் வதைக்கப்பட்டனர். இவ்வியர்வையையும் கண்ணீரையும் ரப்பரின் வரலாற்றிலிருந்து பிரித்தல் இயலாது.

இனி, பழைய பீடிங் ஏன் கெடுகிறது என்று காண்போம். ரப்பர் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. கந்தகம் அச்சங்கிலிகளுக்கிடையே பாலம் அமைக்கிறது. அதனால்தான் அமுக்கினாலும் பட்டை மீள்கிறது. ஆனால் இயற்கை ரப்பரின் சங்கிலியிலே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஓசோன் அவ்விடங்களைத் தாக்கி அறுக்கிறது. இழுபட்ட நிலையிலுள்ள ரப்பரில் வெடிப்பு விரைந்து தோன்றும். உத்தரபாராவில் 1950களின் இறுதி முதல் 2014 வரை உருவான அம்பாசடர் போன்ற பழைய கார்களைப் பேணுவோர், கல்லாய் இறுகிய பட்டைகளைக் கண்டிருப்பர்.

அதனை மாற்றும் வேலையிலும் இவ்வறிவு பயன்படுகிறது. பழைய பட்டையை உரித்து, காய்ந்த பசையைச் சுரண்டித் துடைக்க வேண்டும். அடியில் துரு இருப்பின், அதனைத் தேய்த்தகற்றி வண்ணம் பூசிய பின்னரே மேற்செல்ல வேண்டும். துருவின் மேல் ஒட்டிய பட்டை நிலைக்காது. புதிய பட்டையை இழுத்து ஒட்டுதல் ஆகாது. இழுத்தால் அது பின்னர்ச் சுருங்கி முனைகளுக்கிடையே வாய் பிளக்கும். ஓசோனுக்கும் எளிதில் இரையாகும். சற்றே மிகுதியாக விட்டு வெட்டினால் இரு முனைகளும் ஒன்றையொன்று அழுத்தி நிற்கும். பசை உலர்ந்தபின் பட்டையின்மேல் சுண்ணாம்புக்கட்டிப் பொடியைத் தூவி மூடியைச் சாத்தித் திறக்க வேண்டும். மூடியில் வெண்கோடு அறுபடாது பதிந்திருந்தால் வேலை செவ்வனே முடிந்தது. அறுபட்ட இடமே நீரும் புகையும் நுழையும் வாயில்.

ஸீக்ளர், நாட்டா என்னும் வேதியியலறிஞர் இருவரின் ஆராய்ச்சியின் பயனாக, 1960களின் தொடக்கத்தில் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் விற்பனைக்கு வந்தது. அதன் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை. ஆதலால் ஓசோனை எதிர்த்து நெடுநாள் உழைக்கிறது. இன்றைய கார்ப் பீடிங்குகளிற் பெரும்பாலானவை அதனாலேயே ஆனவை. 1963-இல் அவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

பரிசு பெற்றோரை உலகம் அறியும். கடன்பட்டு மாண்டவரையும், இருளிற் பால் சீவிய கைகளையும் நினைப்பார் சிலரே. அடுத்த முறை ஒரு காரின் டிக்கியைத் திறக்கும்போது, அதன் விளிம்பை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். மழையை வெளியே நிறுத்தி மனிதரை உள்ளே காக்கும் அப்பட்டையில், அவர்கள் அனைவரின் உழைப்பும் அடங்கியிருக்கிறது.