பருத்திக் கைக்குட்டை: ஜப்பானிய ராக் காதல் பாட்டுகளின் கதை

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. புனேக்கு வேலைக்கு வந்த பிறகு ஆபீஸ் தேவைக்காக ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்தேன். இந்த ஊரில் அதைப் படிப்பவர்கள் அதிகம், வகுப்புகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் பாடப்புத்தகத்தைவிட எனக்கு மொழியைச் சொல்லிக்கொடுத்தது பாட்டுகள்தான். அதிலும் ராக் இசைக்காரர்கள் எழுதிய காதல் பாட்டுகள். கேட்கக் கேட்க ஒரு விஷயம் உறுத்தியது. உருகி உருகிப் பாடுகிறார்கள், ஆனால் "உன்னைக் காதலிக்கிறேன்" என்பதை நேராகச் சொல்ல ரொம்பவே தயங்குகிறார்கள். ஏன் என்று தேடிப் போனதில் கிடைத்த கதை இது.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஆணும் பெண்ணும் கொள்ளும் காதலுக்கு ஜப்பானியர்கள் இன்று சொல்லும் "ரென்-ஐ" என்ற சொல், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், மெய்ஜி காலத்தில்தான் 'லவ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக நிலைபெற்றது. காதல் அதற்கு முன் இல்லாமலா போய்விட்டது? ஆயிரம் வருடத்துக்கும் மேலாகக் காதல் கவிதை எழுதிய நாடு அது. நிலாவையும் பனியையும் ஈரமான சட்டைக்கையையும் சொல்லிவிட்டு மனதைச் சொல்லாமல் விடுவார்கள். கேட்பவருக்குப் புரிந்துவிடும். குறிஞ்சியும் பாலையும் படித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, ராக்குக்கு வருவோம். 1966 ஜூன் 30 முதல் ஜூலை 2 வரை பீட்டில்ஸ் குழு டோக்கியோவின் புடோக்கான் அரங்கில் பாடியது. அந்தக் காலகட்டத்தில் கிதாரோடு கிளம்பிய இளைஞர் குழுக்களுக்கு 'குரூப் சவுண்ட்ஸ்' என்று பெயர். தி ஸ்பைடர்ஸ், தி டைகர்ஸ், தி டெம்ப்டர்ஸ் என்று எங்கு பார்த்தாலும் குழுக்கள். ப்ளூ காமெட்ஸ் குழுவின் 'ப்ளூ ஷாட்டோ' 1967-ல் ஜப்பான் ரெக்கார்டு விருதையே வாங்கியது. பையன்களின் நீள முடியைப் பார்த்துப் பெற்றோர் பதறினார்கள். இந்தக் கச்சேரிகளுக்குப் போகக்கூடாது என்று பல பள்ளிகள் தடை போட்டன.

ஆனால் பாட்டின் உள்ளே என்ன இருந்தது? கோட்டை, ஏரி, அன்னப்பறவை! டைகர்ஸின் 1968 ஹிட்டான 'பூமாலை' பாட்டின் வரிகள், ஒரு பத்திரிகை ரசிகர்களிடையே நடத்திய போட்டியில் கிடைத்தவை. பெண் அன்னமாக மாறும் கதை. இசை கொய்ச்சி சுகியாமா, பிற்காலத்தில் 'டிராகன் குவெஸ்ட்' வீடியோ கேமுக்கு இசையமைத்தவர். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் பஸ் பிடித்து வேலைக்குப் போகிற பையனும் அடுத்த தெருப் பெண்ணும் அந்தப் பாட்டில் இல்லை. மூன்று நான்கு வருடத்தில் அந்த அலை ஓய்ந்தது. 1971 ஜனவரி 24 அன்று டைகர்ஸ் அதே புடோக்கானில் விடைபெற்றது.

அடுத்து ஒரு பெரிய சண்டை. ஜப்பானிய மொழியில் ராக் பாட முடியுமா, முடியாதா? ராக் என்றால் ஆங்கிலம்தான், அப்போதுதான் உலகம் கேட்கும் என்பது யூயா உச்சிதா தரப்பு. அவர் உருவாக்கிய ஃப்ளவர் டிராவலின் பேண்ட் ஆங்கிலத்தில் பாடியது. எதிர்த்தரப்பில் நான்கு இளைஞர்கள்: ஹருஓமி ஹொசோனோ, எய்ச்சி ஓட்டாகி, ஷிகேரு சுசுகி, தகாஷி மாட்சுமோட்டோ. குழுவின் பெயர் 'ஹாப்பி எண்ட்'. ஆங்கிலப் பெயர்தானே என்கிறீர்களா? அங்கேதான் குறும்பு. ஜப்பானியர்கள் வெளிநாட்டுச் சொற்களை எழுத 'கதகானா' என்ற தனி எழுத்துமுறை வைத்திருக்கிறார்கள். இவர்கள் தங்கள் பெயரைச் சொந்தச் சொற்களை எழுதும் 'ஹிரகானா'வில் எழுதினார்கள். இது எங்கள் வீட்டுச் சாமான் என்று சொல்வதுபோல.

மொழிச் சண்டை வெறும் வறட்டுப் பிடிவாதம் இல்லை. அதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருந்தது. ஜப்பானிய மொழியில் ஒவ்வொரு அசையும் ஏறக்குறைய ஒரே நீளம், பாட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம் கொடுப்பது வழக்கம். 'லவ்' என்பதை ஒரே அடியில் அடித்துவிடலாம். 'அ-இ-ஷி-தெ-ரு' என்றால் ஐந்து சுரம் வேண்டும்! இந்த வேகத்துக்கு ராக் எப்படி ஓடும்? ஹாப்பி எண்ட் கண்டுபிடித்த வழி, சொல்லை உடைத்து, இழுத்து, தாளத்தின் மேல் எதிர்பாராத இடத்தில் வைப்பது. வரிகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் டிரம்ஸ் வாசித்த மாட்சுமோட்டோ. தாளம் தெரிந்தவன் கவிதை எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு அவர்களுடைய 1971 ஆல்பம் 'காஸெமாச்சி ரோமன்' சாட்சி. 1964 ஒலிம்பிக்ஸுக்காக டோக்கியோ உருமாறியபோது காணாமல் போன பழைய தெருக்களும் டிராம் வண்டிகளும்தான் அதன் உயிர். என்னைக் கேட்டால் அதுவும் காதல் தோல்விப் பாட்டுதான், காதலி மட்டும் ஒரு ஊர்.

1972 முடிவில் குழு கலைந்தது. மாட்சுமோட்டோ டிரம்ஸை விட்டுவிட்டுச் சினிமாப் பாட்டு மாதிரி எல்லோருக்கும் வரி எழுதிக்கொடுக்கும் பாடலாசிரியர் ஆனார். நண்பர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் 1975 டிசம்பரில் ஹிரோமி ஓட்டா என்ற இளம் பாடகிக்கு அவர் எழுதிய பாட்டு வந்தது. தலைப்பு 'பருத்திக் கைக்குட்டை'. இசை கியோஹெய் சுசுமி.

இந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். காதலன் ரயிலேறிப் பெருநகரத்துக்குப் போகிறான். காதலி ஊரிலேயே இருக்கிறாள். இருவரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். உனக்கு நகரத்திலிருந்து பரிசு வாங்கி அனுப்பப் போகிறேன் என்கிறான். எனக்கு ஒன்றும் வேண்டாம், நீ மாறாமல் திரும்பி வந்தால் போதும் என்கிறாள். அடுத்த கடிதத்தில் மோதிரம், அதற்கடுத்து சூட் போட்ட அவன் புகைப்படம். ஒவ்வொரு சுற்றிலும் அவன் பேச்சில் நகரம் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில், நான் திரும்பி வர மாட்டேன் என்கிறான். அவள் முதல் முறையாக ஒரு பரிசு கேட்கிறாள்: கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு பருத்திக் கைக்குட்டை. திட்டவும் இல்லை, காதலைச் சொல்லவும் இல்லை.

இது ஏன் அப்படித் தைத்தது? 1954-லிருந்து 1975 வரை, பள்ளி முடித்த பிள்ளைகளைக் கிராமங்களிலிருந்து நகரத்து ஆலைகளுக்கும் கடைகளுக்கும் கூட்டமாக ஏற்றிச்செல்ல ஜப்பானில் தனி ரயில்களே ஓடின. வடகிழக்கிலிருந்து வந்தவர்கள் டோக்கியோவின் உவேனோ ஸ்டேஷனில் இறங்குவார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகள். 'தங்க முட்டைகள்' என்று அவர்களுக்குச் செல்லப்பெயர் வேறு. அந்த ரயில்கள் நின்ற அதே வருடம் இந்தப் பாட்டு வந்தது. மேடையில் ஒரு காதல் கதை, கேட்டவர்கள் மனதிலோ அவரவர் விட்டுவிட்டு வந்த பிளாட்பாரம். (பட்டியலில் இந்தப் பாட்டு இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. முதலிடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது, கடலுக்குத் தப்பி ஓடும் மீன் வடிவப் பணியாரத்தைப் பற்றிய ஒரு குழந்தைப் பாட்டு! :-))

மாட்சுமோட்டோவின் இன்னொரு பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. 1980-ல் பழைய நண்பர் ஓட்டாகி தன் ஆல்பத்துக்கு வரி கேட்டார். அந்தச் சமயத்தில் மாட்சுமோட்டோவின் தங்கை இறந்துபோனார். எழுத வரவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றார். ஓட்டாகி வேறு ஆளைத் தேடவில்லை. ஆல்பத்தையே தள்ளிப்போட்டுவிட்டுக் காத்திருந்தார். 1981 மார்ச்சில் 'எ லாங் வெக்கேஷன்' வெளிவந்தது. அதன் முதல் பாட்டு 'நீ இயற்கை வண்ணம்'. கடற்கரையும் வெயிலுமாகத் துள்ளும் இசை. பிரிந்துபோன காதலியை நினைக்கும் பாட்டு என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். தங்கை போன பிறகு தெருவில் நடக்கும்போது ஊரே கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது, அதுதான் அந்த வரிகளில் இருக்கிறது என்று மாட்சுமோட்டோ பிற்காலத்தில் சொன்னார். தெரிந்த பிறகு கேட்டால் அந்தத் துள்ளல் இசையே தொண்டையை அடைக்கிறது.

பிறகு வந்தவர்கள் ஆங்கிலத்தை வேறு விதமாகக் கையாண்டார்கள். சதர்ன் ஆல் ஸ்டார்ஸின் கெய்சுகே குவாட்டா ஜப்பானிய மொழியையே ஆங்கிலம் மாதிரிக் குழைத்துப் பாடினார். அவருடைய 1979 பாட்டு 'இதோஷி நோ எல்லி'யை 1989-ல் ரே சார்லஸ் ஆங்கிலத்தில் பாடினார். உச்சிதா கனவு கண்ட மேற்கின் காது ஜப்பானியப் பாட்டைத் தேடி வந்தது! யுதாகா ஒஸாகி 1983 டிசம்பரில் முதல் ஆல்பம் போட்டபோது பதினெட்டு வயது நிறைந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதிலுள்ள 'ஐ லவ் யூ' பாட்டின் அந்த மூன்று சொல் ஆங்கிலம். உலகத்துக்குப் பயந்து ஒரு சின்ன அறையில் ஒண்டியிருக்கும் இருவரின் குளிரும் பயமும் ஜப்பானிய மொழியில். தாய்மொழியில் சொன்னால் கனம் தாங்காத சொல்லை இரவல் மொழியில் இறக்கி வைக்கிறார். 1992 ஏப்ரலில் 26 வயதில் அவர் இறந்தபோது, மழையில் பல்லாயிரம் பேர் வரிசையில் நின்றார்கள்.

இது ஜப்பானியர்களுக்கு மட்டும் உள்ள கூச்சமா என்ன? இங்கே என் மகள் போனில் பாட்டியிடம் "லவ் யூ பாட்டி" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறாள். அதைத் தமிழில் சொல்லு என்றால் சிரிக்கிறாள். சிரிப்பது நியாயம்தான். "உன்னை நேசிக்கிறேன்" என்று எந்த வீட்டில் பேசுகிறோம்? "போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்பதுதான் நம் வழக்கம். அம்மா ஒவ்வொரு தடவையும் ரயில் கிளம்பும்போது என்னிடம் சொல்வதும் அதுதான்.

'பருத்திக் கைக்குட்டை'யைத் தேடிக் கேளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஊர் விட்டு வந்தவர்களுக்குப் புரியும். நான் முதல் தடவை கேட்டபோது அந்தப் பெண்ணுக்காக வருத்தப்பட்டேன். இப்போதெல்லாம் சூட் போட்டுப் புகைப்படம் அனுப்பினானே, அந்தப் பையனைத்தான் அதிகம் நினைக்கிறேன்.