வரி கொடுப்போர் வாய் திறக்கட்டும்!

"வால்டாக்ஸ் என்பவர் எந்த ஊர்த் துரை, ஐயா?"

வகுப்பிலே ஒரு மாணவன் கேட்டான். நாம் சிரிக்கவில்லை, சிரிப்பதற்குரிய கேள்வியும் அன்று அது. மன்றோவுக்குச் சிலை, ரிப்பனுக்கு மாளிகை, ஜார்ஜ் மன்னனுக்கு ஒரு நகரமே என்றிருக்கும் சென்னையில், வால்டாக்ஸும் ஒரு துரையாகத்தான் இருக்கவேண்டும் என்று அந்தப் பிள்ளை எண்ணியதில் வியப்பென்ன?

துரை அல்ல தம்பி, அது ஒரு வரி என்றோம். அதுவும் வசூலான வரி அன்று. வசூலாகாமலே போன வரி!

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டான். 1759 பிப்ரவரியில் முற்றுகை முறிந்தது. ஆனால் கோட்டைக்கு வெளியே கிடந்த கறுப்பர் நகரம் பட்ட பாடு கொஞ்சமல்ல. மீண்டும் அப்படி நேராதிருக்க, அந்நகரின் வடக்கிலும் மேற்கிலும் பெருமதில் ஒன்றை எழுப்பக் கம்பெனியார் முடிவு செய்தனர். 1760களில் வேலை தொடங்கிற்று. ஒப்பந்தம் பெற்றவன் பால் பென்பீல்டு. மதில் எழுந்தது. செலவை யார் தருவது என்ற கேள்வியும் உடன் எழுந்தது. மதிலுக்குள் வாழ்வோரே தரட்டும் என்றது கம்பெனி. மக்கள் எதிர்த்தனர். வரி வசூலாகவே இல்லை. மதிலை ஒட்டிய சாலைக்கு மட்டும் அந்த வரியின் பெயர் நின்றுவிட்டது. பெரும்பகுதி இடிந்துபோன அந்த மதிலின் எச்சம் ஒன்றை, இராயபுரத்தின் ஓரத்திலே, மாடிப் பூங்காவைத் தாங்கி நிற்கக் காணலாம்.

மாலை வேளைகளில் அங்கே அமர்ந்து காற்று வாங்கும் இளைஞர்களே! நீங்கள் அமர்ந்திருப்பது வெறுங்கல்லின்மேல் அல்ல. ஒரு பழைய வழக்கின்மேல் அமர்ந்திருக்கிறீர்கள். ஊரின் பணத்தை எடுப்பவர், ஊரைக் கேட்டு எடுக்கவேண்டுமா, கேளாமல் எடுக்கலாமா என்பதே அந்த வழக்கு. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதற்கு முழுத் தீர்ப்பு வந்தபாடில்லை.

மதில் எழுவதற்கு எண்பது ஆண்டுகள் முன்பே வழக்குத் தொடங்கிவிட்டது. 1686-ஆம் ஆண்டில், வீட்டு வரி விதித்தான் ஆளுநர் கிப்போர்டு. கடைகள் மூடப்பட்டன, தொழிலாளர் வேலைக்குச் செல்ல மறுத்தனர். பறையறைந்து மிரட்டியது கம்பெனி. பணியாதவர் வீடு இடிக்கப்படும், குடும்பத்தோடு ஊரைவிட்டு விரட்டப்படுவர் என்று எச்சரித்தது. வாக்குச் சீட்டு என்றால் என்னவென்று அறியாத மக்கள், கடையடைப்பால் தம் வாக்கைப் பதிவு செய்தனர்.

இலண்டனில் கம்பெனியின் தலைமையை வகித்த சோசியா சைல்டு கூர்மதியாளன். அதிகாரத்தைக் காட்டி ஆறு பென்சு கேட்டால் முணுமுணுக்கும் மக்கள், தாமே விதித்துக்கொண்டதாக நம்பினால் ஐந்து ஷில்லிங்கையும் மனமுவந்து தருவர் என்பது அவன் கண்டுபிடிப்பு. விளைவு, 1687 டிசம்பர் 30-இல் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஜேம்சு காலத்துச் சாசனம். 1688 செப்டம்பர் 29-இல் சென்னை மாநகராட்சி! நத்தானியல் இக்கின்சன் முதல் மேயர். அவனுக்குக் கீழே 12 ஆல்டர்மென்கள். சின்ன வெங்கடாத்திரி, முத்த வீரண்ணா, ஆலங்காத்த பிள்ளை ஆகிய மூவர் மட்டுமே அவர்களுள் இந்நாட்டு வணிகர். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களா இவர்கள்? இல்லை. கம்பெனி பார்த்து அமர்த்தியவர்கள்.

நாட்டின் மிகப் பழைய மாநகராட்சி என்று நாம் பெருமை பேசுகிறோம். பேசுவோம், பிழையில்லை. ஆனால் அது எதற்காகப் பிறந்தது என்பதையும் மறவாதிருப்போம். மக்களின் குரலைக் கேட்கப் பிறந்ததன்று அது. மக்களின் மடியை வலியின்றி அவிழ்க்கப் பிறந்தது. குரலுக்கு இடம் வந்ததெல்லாம் பின்னாளில், கேட்டுக் கேட்டுப் பெற்றதே.

"ஏன், வெள்ளையன் வருமுன்பே நம்மிடம் குடவோலை இருந்ததே! உத்தரமேரூரை மறந்தீரோ?" என்று சிலர் குறுக்கிடக் கூடும். மறக்கவில்லை, அன்பர்களே. முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுகளை, பத்தாம் நூற்றாண்டின் அரிய ஆவணங்களை, முழுவதுமாகப் படிக்கச் சொல்கிறோம். குடத்தில் யார் பெயர் விழலாம்? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவன், சொந்த மனையில் வீடு கட்டியவன், 35-க்கு மேல் 70-க்குள் வயதினன், வேதம் கற்றவன். பார்ப்பனருக்குத் தானமாக விடப்பட்ட ஊரின் சபை அது. உழுதவன் பெயர் அந்தக் குடத்தில் இல்லை. பெண்ணின் பெயரும் இல்லை. ஆயினும் ஒன்றைப் பாராட்டத்தான் வேண்டும். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வரக்கூடாது என்று அன்றே கல்லில் வெட்டினர். அந்த நெறியை எடுத்துக்கொள்வோம். அந்த வேலியை விட்டுவிடுவோம்.

வெள்ளையர் ஆட்சியும் வேறொரு வேலிதான் போட்டது. 1878-ஆம் ஆண்டுச் சட்டம் மாநகராட்சியின் 32 உறுப்பினருள் 16 பேரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தந்தது. 1884-இல் அது 24 ஆயிற்று. யாருக்கு உரிமை? குறிப்பிட்ட அளவு வரி கட்டுவோருக்கு. இராயபுரத்துக் கரையில் வலை இழுத்தவனுக்கு உண்டா? துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனுக்கு உண்டா? உப்புக்கும் துணிக்கும் அவன் கொடுத்த வரி கண்ணுக்குத் தெரியாத வரி. ஆகவே அவனும் கண்ணுக்குத் தெரியாத குடிமகனாயினான்.

1919-ஆம் ஆண்டுச் சட்டம் மன்றத்துக்கு மேலும் வலுவூட்டியது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர், வண்ணாரப்பேட்டை வட்டாரம் தன் பிள்ளையெனப் போற்றும் பெரியார், மன்றத்தின் தலைவராக அமர்ந்தார். 1920-இல், ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியிலே ஏழைப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தர மன்றம் தீர்மானித்தது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு! பின்னாளில் நாடே வியந்த பெருந்திட்டத்தின் விதை அது. வயிறு காய்ந்த பிள்ளை பாடம் படிக்காது என்பதை அறிய இலண்டன் தேவைப்படவில்லை; தெருவறிந்த மன்றம் போதுமானதாயிற்று.

ஆனால் நடந்தது என்ன? 1925-இல், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்ய அரசு ஒப்பவில்லை, உணவு நின்றது. தெருவிலே பிறந்த முடிவைக் கோட்டையிலே ஒரு கையொப்பம் நிறுத்தியது. மன்றத்துக்கு மனம் இருந்தும் மடி இல்லை. ஊராட்சியின் பாதிக் கதை இதுதான், தோழர்களே!

மறுபாதிக் கதையைச் சொல்லக் கசக்கிறது. ஆயினும் சொல்லத்தான் வேண்டும். விடுதலைக்குப் பின் வேலிகள் சரிந்தன. வலை இழுப்பவனும் மூட்டை சுமப்பவனும் வாக்காளராயினர். 1959-இல் திராவிட முன்னேற்றக் கழகம் மாநகராட்சியில் அதிக இடங்களைப் பெற்றது, அ. பொ. அரசு மேயரானார். கோட்டையைப் பிடிப்பதற்கு எட்டாண்டு முன்னமே, ரிப்பன் மாளிகையின் படிகளில் எளியோரின் கால்கள் ஏறின.

அதே மன்றம் 1973 டிசம்பரில் கலைக்கப்பட்டது. வேலைக்கு வராதவரை வந்ததாக எழுதிக் கூலி எடுத்த வருகைப் பதிவேட்டு ஊழல் என்பது குற்றச்சாட்டு. குற்றம் செய்தவரைத் தண்டிக்கலாம், தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா? கொளுத்தியவன் வெள்ளையனல்லன், நாம் வாக்களித்து அமர்த்திய அரசே! அடுத்தடுத்து வந்த ஆட்சிகளும், எந்தக் கட்சியாயினும், அந்த வீட்டை மீண்டும் கட்ட விரைந்தாரில்லை. 1986-இல் மற்ற நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தபோதும் தலைநகருக்கு இல்லை. 1996-இல்தான் சென்னை மக்கள் மீண்டும் மாநகராட்சிக்கு வாக்களித்தனர். இருபத்துமூன்று ஆண்டுகள்! 1973-இல் பிறந்த குழந்தை வளர்ந்து, வாக்குரிமை பெற்று, மணமும் முடித்துப் பிள்ளை பெறும் காலம். அத்தனை காலமும் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் தனி அலுவலரே தலைவர்.

இதைவிடக் கசப்பானது ஒன்று உண்டு. அந்த இருபத்துமூன்று ஆண்டுகளில், 1686-இல் அடைத்ததுபோல், இந்த நகரம் தன் கடைகளை அடைக்கவில்லை. உரிமையற்றிருந்த நாளில் கொதித்த மக்கள், உரிமை பெற்றபின் அது பறிபோனபோது பழகிக்கொண்டனர்.

பழக்கம் பொல்லாதது. அது மீண்டும் வந்தது. 2011-இல் சென்னையைச் சுற்றியிருந்த 42 உள்ளாட்சி அமைப்புகள் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. திருவொற்றியூர் நகராட்சி, எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கம் நகராட்சி, மணலி நகராட்சி எல்லாம் அவற்றுள் அடக்கம். பெரிய அமைப்பால் பெரிய பணிகள் நடக்கும் என்பது வாதம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் தம் ஊரிலேயே தமக்கென ஒரு நகர்மன்றம் வைத்திருந்த எண்ணூர் மக்களுக்கு, மன்றம் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் போயிற்று. ஐந்தாண்டுகள் கழிந்தன. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. காலம் முடியுமுன்பே தேர்தலை முடிக்கவேண்டும் என்கிறது அரசியல் சட்டம். நடந்ததோ 2022 பிப்ரவரி 19-இல். இடையிலே ஐந்தாண்டுக்கு மேல் வெற்று நாற்காலிகள். மன்றமே இல்லாத அந்த இடைவெளியில், 2018-இல், சொத்து வரி உயர்த்தப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே, 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. கிப்போர்டு கல்லறையில் புரண்டு சிரித்திருப்பான்!

2022-இல் தேர்தல் வந்தது. வடசென்னையைச் சேர்ந்த 28 வயதுப் பெண், தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து வந்த ஆர். பிரியா, மேயர் இருக்கையில் அமர்ந்தார். உத்தரமேரூர்க் குடம் ஒதுக்கிய பெயர், 1687-இன் சாசனம் கனவிலும் எண்ணாத பெயர். இது வரலாற்றின் வெற்றி, ஐயமில்லை. ஆனால் அந்த வெற்றிக்கு மாலையிடச் சென்றோர் எத்தனை பேர்? அத்தேர்தலில் சென்னையில் பதிவான வாக்கு நூற்றுக்கு 44-ஐத் தொடவில்லை. மாநிலம் முழுவதும் சராசரி 60-ஐத் தாண்டியபோது, தலைநகரம் வீட்டில் இருந்தது. வேலியை உடைக்க நூறாண்டு போராடியவரின் பேரப்பிள்ளைகள், திறந்த வாயிலில் நுழையச் சோம்பினர்!

"வாக்களித்து என்ன பயன்? ஆலை வருவதும் புகை விடுவதும் மாநகராட்சி மன்றத்தைக் கேட்டா நடக்கிறது?" என்று எண்ணூர்த் தோழர் கேட்பார். நியாயமான கேள்வி. 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து படகையும் வலையையும் கெடுத்தது. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் உறக்கம் கலைந்து தெருவுக்கு ஓடினர். 2025-இல் கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வேண்டாமென்று மக்கள் மனிதச் சங்கிலியாய் நின்றனர். மன்றத்தில் ஒலிக்கவேண்டிய குரல் சாலையில் ஒலிக்கிறது. ஏன்? முடிவெடுக்கும் இடத்துக்கும் மூச்சுவிடும் இடத்துக்கும் இடையே இன்னும் ஒரு மதில் நிற்கிறது.

அந்த மதிலில் ஒரு சிறு வாயில் திறக்கப்பட்டிருக்கிறது. 1992-இல் நிறைவேறிய 74-ஆம் திருத்தம், மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வகுக்கப்பட்டது 2022-இல்; சட்டத்துக்கும் விதிக்கும் இடையே முப்பது ஆண்டு! சிற்றூரில் கிராம சபை போல, நகரத்திலும் வாக்காளர் கூடிக் குறை சொல்லவும் வேலைகளை வரிசைப்படுத்தவும் பகுதி சபை. இதிலும் குறையுண்டு. பகுதிப் பிரதிநிதிகள் மக்கள் தேர்ந்தெடுப்போர் அல்லர், நியமனம் பெறுவோர். 1688-இன் வாடை இன்னும் போகவில்லை. குறையைச் சொல்வோம், மாற்றக் கோருவோம். ஆனால் குறையுள்ளது என்பதற்காக வாயிலையே புறக்கணித்தால், "கூட்டம் போட்டோம், எவரும் வரவில்லை" என்று கதவைச் சாத்த எவ்வளவு நேரமாகும்?

ஆகவே, தோழர்களே, உங்கள் வார்டின் சபை என்று கூடுகிறது என்று கேளுங்கள். தேதி சொல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள். தனியே போகாதீர்கள், மீன் விற்கும் அன்னையை, துறைமுகத் தொழிலாளியை, ஆலைக் கதவருகே குடியிருக்கும் அண்டை வீட்டாரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கணக்கைக் கேளுங்கள், கணக்குக் காட்டாதவனுக்குப் பொறுப்பில்லை என்று கல்லில் வெட்டிய நாடு இது. சொன்னது குறிப்பேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பேட்டையே முதலில் கேளுங்கள். இனியொரு நாள் எந்த அரசாவது மன்றத்தைக் காலியாக வைக்க எண்ணினால், அது நம் கட்சியா, மாற்றார் கட்சியா என்று பார்த்துக்கொண்டிராமல் எழுந்து நில்லுங்கள்.

வகுப்பில் அந்த மாணவன் மீண்டும் கேட்டான்: "வசூலாகாத வரிக்கு ஏன் ஐயா பெயர் வைத்தார்கள்?"

பெயரை யார் வைத்தாலென்ன தம்பி, வரியை நிறுத்தியவர்கள் நம் ஊரார் என்றோம்.