பிபா சௌதுரி: கண்டதும் பிடித்ததும்

ஆண்டுதோறும் ஜூலை 3ஆம் நாளையொட்டிப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று சமூக வலைத்தளங்களில் வலம்வரும். படத்தில் இருப்பவர் வங்காள இயற்பியலாளர் பிபா சௌதுரி. அதன் கீழ் எழுதப்படும் செய்தியும் பெரும்பாலும் ஒன்றே: நோபல் பரிசுக்குரிய கண்டுபிடிப்பைச் செய்தவர் இவர், பரிசோ வேறொருவருக்குப் போயிற்று.

கள ஆய்வுக்காக நான் இப்போது அந்தமானில் தங்கியிருக்கிறேன். அண்மையில் இங்குள்ள தமிழ்வழிப் பள்ளி ஒன்றின் அறிவியல் நாள் நிகழ்வில் பேச அழைத்திருந்தார்கள். நானும் அந்தச் செய்தியை அப்படியே சொல்லிவிட்டேன். பேச்சு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அக்கா, அவங்க எதைக் கண்டுபிடிச்சாங்க? பொண்ணுங்கறதாலதான் பரிசு குடுக்கலையா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்று ஒற்றைச் சொல்லில் விடையளித்துவிட்டு அமர்ந்தேன். அந்த விடை அரைகுறையானது என்பது அறைக்குத் திரும்பிப் படிக்கத் தொடங்கியபின்தான் புரிந்தது. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

பிபா சௌதுரி 1913இல் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை மருத்துவர். குடும்பம் பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தது. 1936இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுகலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டு அத்துறையில் பட்டம் பெற்ற ஒரே பெண் அவர்தான். பின்னர் போஸ் ஆய்வு நிறுவனத்தில் தேவேந்திர மோகன் போசுடன் இணைந்து அண்டக் கதிர்களை ஆராயத் தொடங்கினார்.

அன்றைய இயற்பியலின் முதன்மையான புதிர் எது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அணுக்கருவுக்குள் புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் பிணைத்து வைக்கும் விசையை விளக்குவதற்காக, ஜப்பானிய இயற்பியலாளர் யுகாவா 1935இல் புதிய துகள் ஒன்றை முன்மொழிந்தார். அதன் நிறை எலெக்ட்ரானின் நிறையைப் போல ஏறத்தாழ 200 மடங்கு இருக்கலாம் என்பது அவருடைய கணக்கு. அடுத்த ஈராண்டுகளுக்குள் ஆண்டர்சனும் நெடர்மயரும் அண்டக் கதிர்களில் அத்தகைய நிறையுடைய துகளைக் கண்டனர். அதற்கு மெசோட்ரான் என்று பெயரிட்டனர். யுகாவாவின் துகள் அதுவே என்று பலரும் நம்பினர்.

போசும் சௌதுரியும் கையாண்ட கருவி ஒளிப்படத் தகடு. கண்ணாடியின் மேல் ஜெலட்டினும் வெள்ளி புரோமைடு மணிகளும் கலந்த பால்மம் பூசப்பட்டிருக்கும். மின்னூட்டம் கொண்ட துகள் அதனூடே பாயும்போது வழியிலுள்ள மணிகளைத் தாக்கிச் செல்லும். தகட்டை வேதிக் கரைசலில் கழுவினால் அந்த மணிகள் கரும்புள்ளிகளாகத் தோன்றும். நுண்ணோக்கியில் பார்த்தால் புள்ளிகள் வரிசையாக அமைந்த ஒரு தடம் தெரியும். புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவையும் தடத்தின் சிறுசிறு வளைவுகளையும் அளந்து துகளின் நிறையைக் கணிக்கலாம். அண்டக் கதிர்களின் பெரும்பகுதியைக் காற்றுமண்டலம் தடுத்துவிடுவதால் தகடுகளை உயரமான இடங்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். டார்ஜிலிங்கிலும், ஏறத்தாழ 12,000 அடி உயரமுள்ள சந்தக்ஃபூவிலும், திபெத்தின் பாரி ஜோங்கிலும் தகடுகள் மாதக்கணக்கில் வைக்கப்பட்டன. முடிவுகள் 1940 முதல் 1942 வரை 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. அவர்கள் கணித்த நிறை எலெக்ட்ரானைப் போல ஏறத்தாழ 200 மடங்கு.

இடையூறு தகட்டில் இருந்தது. அவர்களிடம் இருந்தவை மணிச்செறிவு குறைந்த தகடுகள். தடத்தில் புள்ளிகள் விலகி விலகி விழுந்ததால் அளவீட்டில் பிழை மிகுதியாயிற்று. முழுச்செறிவுடைய தகடுகள் போர்க்காலத்தில் இந்தியாவில் கிடைக்கவில்லை.

இந்த இடத்தைப் படித்தபோது நான் சற்று நிறுத்திவிட்டேன். இத்தீவுகளின் முதியோர் தம் குடும்பக் கதைகளை 'ஜப்பான் காலத்துக்கு முன்', 'ஜப்பான் காலத்துக்குப் பின்' என்று பிரித்துச் சொல்வதை நாள்தோறும் ஒலிப்பதிவு செய்துகொண்டிருக்கிறேன். 1942 மார்ச் 23ஆம் நாள் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவின் மீது குண்டுகள் விழுந்தன. இங்கே மக்களைப் பட்டினியிலும் சித்திரவதையிலும் தள்ளிய அதே போர், அங்கே ஓர் ஆய்வகத்துக்கு வரவேண்டிய கண்ணாடித் தகடுகளையும் தடுத்து நிறுத்தியிருக்கிறது. இரண்டும் ஒப்பிடத்தக்க இழப்புகள் அல்ல. ஆனால் சௌதுரியின் கதையை ஒருவர் மற்றவரின் பரிசைக் கவர்ந்த கதையாக மட்டும் சொல்லும்போது, இந்தப் போர் அதிலிருந்து முற்றாக மறைந்துவிடுகிறது.

போர் முடிந்தபின் இங்கிலாந்தின் இல்ஃபோர்டு நிறுவனம் செறிவு மிகுந்த புதிய பால்மங்களை உருவாக்கியது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் செசில் பாவெலின் குழு அவற்றைப் பயன்படுத்தியது. 1947இல் அக்குழு கண்டது இது: அண்டக் கதிர்களில் இருப்பது ஒரு துகள் அன்று, இரண்டு. எலெக்ட்ரானைப் போல ஏறத்தாழ 273 மடங்கு நிறையுள்ள பையான் சிதைந்து, 207 மடங்கு நிறையுள்ள மியூவானைத் தருகிறது. யுகாவாவின் துகள் பையான்தான். முன்பு மெசோட்ரான் என்று அழைக்கப்பட்டது மியூவான். 1950ஆம் ஆண்டின் நோபல் பரிசு பாவெலுக்கு வழங்கப்பட்டது.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். செறிவு குறைந்த தகட்டின் பிழை அளவுக்குள், 207க்கும் 273க்கும் இடையிலான வேறுபாட்டை உறுதியாகச் சொல்ல முடியாது. டார்ஜிலிங் தகடுகளில் விழுந்த தடங்களில் எது பையான், எது மியூவான் என்று போசும் சௌதுரியும் பிரித்துக் காட்டவில்லை. ஆகவே பையானைக் கண்டுபிடித்தவர் சௌதுரி என்று எழுதுவது பிழை. இந்த ஒளிப்பட முறையால் மெசோட்ரானின் நிறையை அளக்கலாம் என்பதைப் பிரிஸ்டலுக்குப் பல ஆண்டுகள் முன்பே செய்து காட்டியவர்கள் அவர்கள் என்று எழுதுவது சரி. பாவெல் பிறருடன் சேர்ந்து 1959இல் வெளியிட்ட நூலே அவர்களுடைய 1941ஆம் ஆண்டுப் பணியைச் சுட்டுகிறது.

தமிழில் நாம் 'கண்டுபிடிப்பு' என்கிறோம். காணுதல், பிடித்தல் என்று இரண்டு வினைகள் அதில் உள்ளன. வழக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் அவற்றின் இடைவெளி நமக்குத் தெரிவதில்லை. அறிவியல் வரலாற்றில் அந்த இடைவெளி சில வேளைகளில் ஆறு ஆண்டுகள் நீள்கிறது. ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு நகர்கிறது. பிரிஸ்டலிலும் அப்படித்தான். பையான் சிதையும் முதல் தடத்தை நுண்ணோக்கியில் கண்டவர் மரியெட்டா கர்ட்ஸ் என்னும் பெண். தகடுகளை நாள் முழுதும் துழாவிப் பார்ப்பது அவருடைய வேலை. ஆய்வுக் கட்டுரையில் முதன்மைப் பங்கு வகித்த லாட்டெசுக்கும் ஒக்கியாலினிக்கும்கூடப் பரிசில் பங்கில்லை.

சரி, பெண் என்பதால் சௌதுரிக்கு எதுவும் மறுக்கப்படவில்லையா? அந்தக் கேள்வியை நோபல் பரிசை வைத்து அன்று, அதன்பின் வந்த நாற்பது ஆண்டுகளை வைத்துக் கேட்க வேண்டும். 1945இல் மான்செஸ்டருக்குச் சென்று பிளாக்கெட்டின் ஆய்வகத்தில் அண்டக் கதிர்ப் பொழிவுகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1949இல் ஹோமி பாபாவின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்குப் பணியாற்றிய முதல் பெண் ஆய்வாளர் அவரே. பின்னர் அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றியபோது கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கச் சோதனைகளில் பங்கேற்றார். மலையுச்சியில் தகடு வைத்தவர், பாறையே வடிகட்டியாக அமைந்த நிலத்தடிக்கு வந்து சேர்ந்தார். வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய சுரங்கம் அது. ஓய்வுக்குப் பின் கல்கத்தாவில் இறுதிவரை கட்டுரைகள் எழுதினார். 1991இல் மறைந்தார். நாட்டின் பெரிய அறிவியல் கழகங்கள் எவையும் அவரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்குப் போரைக் காரணம் காட்ட முடியாது. தகட்டையும் காரணம் காட்ட முடியாது.

2018இல் ராஜிந்தர் சிங்கும் சுப்ரகாஷ் ராயும் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தபின்தான் அவர் பெயர் பரவலாகத் தெரியலாயிற்று. 2019இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் ஒரு விண்மீனுக்குப் 'பிபா' என்று பெயரிட்டது. 'விபா' என்னும் வடசொல்லின் வங்காள ஒலிப்பு அது. ஒளி என்று பொருள். அந்த விண்மீன் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது, தொலைநோக்கி வேண்டும்.

அடுத்த வாரம் அந்தப் பள்ளிக்கு மீண்டும் செல்ல அனுமதி கேட்டிருக்கிறேன். அந்த மாணவியிடம் என் விடையைத் திருத்திச் சொல்ல வேண்டும். அவளுடைய இரண்டு கேள்விகளில் முதலாவதுதான் சிறந்தது: அவர் எதைக் கண்டுபிடித்தார்? அதை யாரும் கேட்காமல் விட்டதால்தான், செய்யாத ஒன்றுக்காகப் போற்றப்பட்டு, செய்தவற்றுக்காக மறக்கப்படும் நிலை சௌதுரிக்கு வந்தது. அடுத்த ஜூலையில் அந்தப் படத்தைப் பகிரும் நண்பர்கள், அதன் கீழ் டார்ஜிலிங்கையும் அந்தத் தகடுகளையும் பற்றி இரண்டு வரி சேர்த்து எழுதினால் மகிழ்வேன்.