தச்சு அளவுகோல்: முழக்கோல் முதல் மெட்ரிக் அளவு நாடா வரை

தச்சு அளவுகோல் என்பது மரவேலையில் நீளம், அகலம், கனம் ஆகியவற்றை அளக்கப் பயன்படும் கருவியாகும். தமிழ்நாட்டில் இது முழக்கோல், அடிக்கோல், மடக்குக்கோல், எஃகு அளவு நாடா எனப் பல வடிவங்களைக் கண்டுள்ளது. இந்தியாவில் மெட்ரிக் அளவை முறைக்கான சட்டம் 1956ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஆயினும் தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போலவே தென்காசி, செங்கோட்டை, சுந்தரபாண்டியபுரம் வட்டாரத்திலும் தச்சர்களின் பேச்சில் அடியும் இஞ்சும் நூலும் இன்றும் வழங்குகின்றன. கையிலுள்ள நாடாவில் மில்லிமீட்டர், வாயில் நூல். இந்த இரட்டை வழக்கின் வரலாற்றை அறிந்தால்தான் நல்ல அளவு நாடா எது என்னும் கேள்விக்கும் சரியான விடை கிடைக்கும்.

விரலும் முழமும்

அளவைகள் உடலிலிருந்து பிறந்தவை. தமிழ் வாய்பாட்டில் 8 நெல் கொண்டது 1 விரல், 12 விரல் கொண்டது 1 சாண், 2 சாண் கொண்டது 1 முழம். முழங்கை முதல் நடுவிரல் நுனி வரையுள்ள நீளமே முழம். பூக்கடையில் இவ்வளவை இன்றும் காணலாம். பூ விற்பவரின் கை சிறிதானால் முழமும் சிறிதாகும். வாங்குபவருக்கு அதனால் பெரிய இழப்பில்லை. ஆனால் ஒரு தச்சர் செய்த நிலையில் வேறொரு தச்சர் செய்த கதவு பொருந்த வேண்டுமானால் இருவருக்கும் பொதுவான ஒரு கோல் தேவை.

இத்தேவை மிகப் பழமையானது. குஜராத்திலுள்ள சிந்துவெளி நாகரிகத் துறைமுகமான லோத்தலில் தந்தத்தால் ஆன அளவுகோல் ஒன்றின் துண்டு கிடைத்துள்ளது. அதிலுள்ள கோடுகளுக்கு இடையே ஏறத்தாழ 1.7 மி.மீ. இடைவெளி உள்ளது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பொது முழத்துக்கு 24 அங்குலம் என்றும், மரம் அறுப்போரும் தச்சரும் பயன்படுத்தும் அளவுக்கு 42 அங்குலம் என்றும் தனித்தனியே வகுக்கிறது. தொழிலுக்கு ஒரு கோல் என்பதே பழைய நடைமுறை.

கோயில் சுவரில் கோல்

பொதுக் கோலைக் காக்கும் இடமாகத் தமிழ்நாட்டில் கோயில் விளங்கியது. முதலாம் இராசராசன் காலத்தில், கி.பி. 1001ஆம் ஆண்டளவில், சோழ நாட்டு நிலங்கள் அளக்கப்பட்டன. அதற்குப் பயன்பட்ட 16 சாண் கோல் ‘உலகளந்த கோல்’ எனப்பட்டது. பாண்டிய நாட்டில் ‘சுந்தரபாண்டியன் கோல்’ என்ற நில அளவுகோல் வழங்கியது. சுந்தரபாண்டியபுரம் என்னும் ஊர்ப் பெயரில் உள்ள அதே அரசப் பெயரே இக்கோலின் பெயரிலும் உள்ளது.

பல கோயில்களின் சுவர்களிலும் அடித்தளங்களிலும் இத்தகைய கோல்களின் நீளம் கல்லில் இரு குறிகளாக வெட்டப்பட்டுள்ளது. மரக்கோல் தேயும், வளையும், களவு போகும், கல் மாறாது. ஐயம் எழுந்தால் எவரும் தம் கோலைச் சுவரில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். இன்றைய அளவியலில் ‘ஒப்புநோக்கிச் சரிபார்த்தல்’ எனப்படுவது இதுவே.

இரு வகை முழம்

தென்காசியிலிருந்து செங்கோட்டை ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவில் உள்ளது. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை தென்காசி சென்னை மாநிலத்திலும், செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தன. தமிழ், மலையாள நாடுகளின் தச்சு மரபுகளும் இவ்வட்டாரத்தில் அருகருகே அமைந்தவை.

தமிழ்நாட்டுச் சிற்பிகளின் தச்சு முழம் 33 இஞ்ச், அதாவது ஏறத்தாழ 83.8 செ.மீ. கேரளத் தச்சரின் கோல் 72 செ.மீ. எனக் கொள்ளப்படுகிறது. இரண்டிலும் 24 பகுதிகளே உள்ளன. ஆகவே ‘24 விரல்’ என்று சொன்னால் இரு மரபினரும் தலையசைப்பர். மரத்தை அறுத்தபின் துண்டுகளின் நீளத்தில் ஏறத்தாழ 12 செ.மீ. வேறுபாடு இருக்கும். ஒரு கட்டடத்தின் எல்லா உறுப்புகளையும் ஒரே கோலால் அளந்தவரை இது சிக்கலாகவில்லை. கட்டடத்தின் அளவு கோலோடு பிறந்து கோலோடு முடிந்தது. மரத்தை ஓரூரில் வாங்கி, வேறூரில் அறுத்து, மூன்றாம் ஊரில் பொருத்தும்போதுதான் பொது அளவின் தேவை எழுகிறது.

அடி, இஞ்ச், நூல்

ஆங்கிலேயர் ஆட்சியில் பொதுப்பணி, இரயில்வே, மரவாணிகம் ஆகியவற்றின் வழியாக அடியும் இஞ்சும் பரவின. பாடநூல்களில் இஞ்சுக்கும் ‘அங்குலம்’ என்ற பழைய சொல்லே வைக்கப்பட்டது. இதனால் பழைய அங்குலத்தையும் ஆங்கில இஞ்சையும் ஒன்றெனக் கருதும் குழப்பம் இன்றும் நேர்கிறது. 33 இஞ்ச் முழத்தின் 24இல் ஒரு பங்கு ஏறத்தாழ 3.5 செ.மீ. ஆகும்; இஞ்ச் 2.54 செ.மீ. மட்டுமே.

தச்சர்களும் கொத்தனார்களும் கம்பி கட்டுபவர்களும் இஞ்சை 8 நூலாகப் பகுத்தனர். 1 நூல் என்பது 3.175 மி.மீ. அரை இஞ்ச் கம்பியை ‘நாலு நூல் கம்பி’ என்றும், முக்கால் இஞ்ச் பலகையை ‘ஆறு நூல் பலகை’ என்றும் கூறுவர். 8 நெல் ஒரு விரல் என்ற பழைய வாய்பாட்டோடு 8 நூல் ஒரு இஞ்ச் என்ற வழக்கு எளிதாக இயைந்தது. 8 என்னும் எண் பாதி, கால், அரைக்கால் எனத் தொடர்ந்து மடிக்கத்தக்கது. ஒரு கயிற்றை மூன்று முறை மடித்தால் எட்டிலொரு பங்கு கிடைக்கிறது. 10 என்னும் எண்ணை ஒருமுறை பாதியாக்கினாலே ஒற்றை எண்ணான 5 வந்துவிடுகிறது. கைக்கணக்கில் நூல் நீடித்து நிற்பதற்கு இவ்வசதியும் ஒரு காரணமாகும்.

மீட்டரின் வருகை

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் உருவான மீட்டர், வடதுருவத்திலிருந்து பாரிஸ் வழியாக நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கு என வரையறுக்கப்பட்டது. 1799இல் அதற்கான பிளாட்டினக் கோல் செய்யப்பட்டது. 1875இல் பன்னாட்டு மீட்டர் உடன்படிக்கை கையெழுத்தானது. 1983 முதல், ஒளி வெற்றிடத்தில் 29,97,92,458இல் ஒரு பங்கு நொடியில் கடக்கும் தொலைவே மீட்டர் ஆகும். மன்னன் பெயரையோ மனித உடலையோ சாராத கோல் இவ்வாறு உருவானது.

விடுதலை பெற்றபோது இந்தியாவில் ஊருக்கு ஊர் வேறுபட்ட எடைகளும் அளவைகளும் இருந்தன. நிறுத்தல், அளத்தல் அளவைகள் சட்டம் 1956 டிசம்பரில் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரல் 1 முதல் தசம நாணய முறை வந்தது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாகப் புகுத்தப்பட்டன. பின்னர் 1976ஆம் ஆண்டுச் சட்டமும், 2011 ஏப்ரல் 1 முதல் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை அளவியல் சட்டமும் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவின் நீள அளவைக்கான தேசியத் தரம் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பேணப்படுகிறது. கோயில் சுவர் ஏற்றிருந்த பணி இன்று அவ்வாய்வகத்துக்கு உரியது.

சேரும் படியும் கிலோகிராமுக்கும் லிட்டருக்கும் வழிவிட்டன. கஜம் துணிக்கடையில் மீட்டருக்கு வழிவிட்டது. தச்சுப் பட்டறையில் மட்டும் மாற்றம் பாதியில் நின்றது. மரம் கன அடியிலும், ஒட்டுப்பலகை 8 அடிக்கு 4 அடி என்ற அளவிலும் விற்கப்பட்டதே இதற்கு முதன்மைக் காரணம்.

சுருளும் எஃகு நாடா

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் செஸ்டர்மன் 1829இல் வில்விசையால் சுருளும் அளவு நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் ஆல்வின் ஃபெலோஸ் 1868இல், நாடாவை வேண்டிய நீளத்தில் நிறுத்தும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். குறுக்குவாட்டில் சற்றே குழிந்த எஃகு நாடாவுக்கு ஹைரம் ஃபாரண்ட் 1922இல் காப்புரிமை பெற்றார். தென்னங்கீற்றை நெடுக்கில் மடித்துப் பிடித்தால் விறைப்பாக நிற்பது போல, இக்குழிவே நாடாவைத் தாங்கலின்றி நீட்டி நிறுத்துகிறது. ஒருவரே தனியாக உயரத்தையும் அகலத்தையும் அளக்க இது வழிசெய்தது. மடக்குக்கோல் மெல்ல மறைந்தது.

இரு முறைகளுக்கு நடுவே நேரும் இழப்பு

அளவு நாடா கெட்டிருப்பதால் வரும் பிழையைவிட, முறை மாற்றும்போது வரும் பிழை பெரும்பாலும் பெரியது. 4 அடி சன்னல் என்றதை ஒருவர் 120 செ.மீ. என்று குறித்துக்கொண்டால் உண்மையான 121.92 செ.மீ. அளவில் ஏறத்தாழ 2 செ.மீ. குறைந்துவிடும். அவ்வளவில் வெட்டிய கண்ணாடி சட்டத்தில் நிற்காது.

ஒட்டுப்பலகையின் கனம் மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது. 18 மி.மீ. பலகையை ‘ஆறு நூல்’ எனக் கொண்டு காடி எடுத்தால் காடி 19.05 மி.மீ. ஆகும், தட்டு 1 மி.மீ. அளவுக்கு ஆடும். 5 தட்டுகளின் கனத்தைக் கூட்டும்போது பிழை 5 மி.மீட்டரைத் தாண்டும்.

வட்ட மரம் வாங்குவதில் இதன் விளைவு பணமாகவே தெரியும். மரத்தின் சுற்றளவில் நான்கில் ஒரு பங்கை வர்க்கம் செய்து நீளத்தால் பெருக்குவது வழக்கமான கணக்கு. சுற்றளவு 48 இஞ்ச், நீளம் 10 அடி எனில் 1 × 1 × 10 = 10 கன அடி. நாடா தளர்ந்தோ சாய்ந்தோ இருந்து சுற்றளவு 49 இஞ்ச் எனப் பதிந்தால் கணக்கு ஏறத்தாழ 10.42 கன அடி ஆகிவிடும். ஓர் இஞ்ச் பிழைக்கு விலையில் 4 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு. வர்க்கம் செய்யும்போது பிழை இருமடங்காவதே இதற்குக் காரணம்.

நல்ல அளவு நாடாவின் இலக்கணம்

பன்னாட்டுச் சட்ட அளவியல் அமைப்பின் பரிந்துரைப்படி நாடாக்கள் மூன்று துல்லிய வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. நாடாவின் தொடக்கப் பகுதியில் ரோமன் எண்ணால் வகுப்பு குறிக்கப்பட்டிருக்கும். 5 மீட்டர் நீளத்தில் அனுமதிக்கப்படும் பிழை முதல் வகுப்புக்கு 0.6 மி.மீ., இரண்டாம் வகுப்புக்கு 1.3 மி.மீ., மூன்றாம் வகுப்புக்கு 2.6 மி.மீ. கதவு, சன்னல், அலமாரி வேலைகளுக்கு இரண்டாம் வகுப்பு போதுமானது. வகுப்புக் குறியே இல்லாத நாடாவின் பிழைக்கு எல்லை தெரியாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

• மெட்ரிக் அளவு மட்டும் இரு ஓரங்களிலும் உள்ள நாடா பிழையைக் குறைக்கும். இரு முறைகளும் அச்சிட்ட நாடாவில் தவறான ஓரத்தைப் படிக்க நேரும்.

• முனைக் கொக்கி சற்றே முன்னும் பின்னும் நகர்வது பழுதன்று. கொக்கியின் கனம் எவ்வளவோ அவ்வளவே அது நகர வேண்டும். வெளியளவுக்கு இழுக்கும்போதும் உள்ளளவுக்கு முட்டும்போதும் அளவு சரியாக வருவதற்காகவே அவ்வமைப்பு.

• பட்டறை வேலைக்கு 3 மீட்டர் அல்லது 5 மீட்டர் நீளம் வசதியானது. 19 மி.மீ., 25 மி.மீ. போன்ற அகலமான நாடா தாங்கலின்றி அதிகத் தூரம் நீளும்.

• எழுத்தின் மேல் நைலான் பூச்சு இருந்தால் மரத்தூளும் மணலும் உரசி எண்கள் அழிவது குறையும்.

சரிபார்க்கும் முறை எளிது. நல்ல எஃகு அளவுகோல் ஒன்றோடு நாடாவை முதலில் ஒப்பிட வேண்டும். பின்னர் ஒரே துண்டைக் கொக்கியிலிருந்து ஒருமுறையும், 10 செ.மீ. கோட்டிலிருந்து ஒருமுறையும் அளக்க வேண்டும். இரண்டாம் அளவில் 10 செ.மீ. கழித்தபின் இரண்டும் ஒத்தால் கொக்கி சரியாக உள்ளது. கீழே விழுந்து கொக்கி வளைந்த நாடாவில் இவை ஒத்துவராது. ஒரு வேலையைத் தொடங்கிய நாடாவாலேயே அதை முடிப்பதும் நல்லது. பழைய தச்சர் ஒரு கட்டடத்துக்கு ஒரே கோலைக் கொண்டதன் பயன் இன்றும் குறையவில்லை.

வெயிலும் சாரலும்

எஃகு வெப்பத்தால் நீளும். நாடாவின் அளவு 20 பாகை செல்சியசுக்கு உரியது. 35 பாகை வெயிலில் 5 மீட்டர் நாடா ஏறத்தாழ 0.9 மி.மீ. நீண்டிருக்கும். இச்சிக்கலைத் தமிழ்நாடு 1802இலேயே கண்டது. வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே 12 கி.மீ. நீள அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தபோது, வெப்பமானிகளை வைத்து வெப்பநிலையைக் குறித்து நீளத்தைத் திருத்தினார். தச்சருக்கு அவ்வளவு நுட்பம் தேவையில்லை. நாடாவை வெயிலில் கிடத்தாமல் இருந்தாலே போதும்.

குற்றாலச் சாரல் காலமான ஜூன் முதல் ஆகஸ்டு வரை காற்றில் ஈரம் மிகும். மரம் குறுக்குவாட்டில் உப்பும். நெடுக்குவாட்டில் மாற்றம் மிகக் குறைவு. கோடையில் இடைவெளியின்றிப் பொருத்திய கதவு சாரலில் பிடிப்பது இதனால்தான். சரியாக அளந்தபின் மரம் உப்புவதற்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை நாடா சொல்லாது. அது தச்சரின் பட்டறிவு. மழைக்காலத்தில் நனைந்த நாடாவைத் துடைத்து உலர்த்தியபின் சுருட்டினால் துரு ஏறாது.

கல்லில் வெட்டிய கோலுக்கும் பையில் சுருண்டிருக்கும் நாடாவுக்கும் பணி ஒன்றே. அளந்தவரும் அறுத்தவரும் பொருத்தியவரும் ஒருவரையொருவர் பாராமலே ஒரே நீளத்தைக் கொள்ளச் செய்வதுதான் அது. அடியும் நூலும் பேச்சில் இருப்பதால் கேடில்லை. மரத்தில் கோடு போடும்போதும் தாளில் குறிக்கும்போதும் முறை ஒன்றாக இருந்தால் மரம் வீணாகாது.