நிழலைத் திருத்திய கணக்கு



எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளிலும் துறைமுகத்திலும் உழைப்போர் நீங்காத இருமலோடு இராயபுரம் ஸ்டான்லி மருத்துவமனைக்குச் சென்றால், பெரும்பாலும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வர். தகட்டோடு நெஞ்சை ஒட்டி நிற்க வேண்டும். மூச்சை இழுத்து அடக்க வேண்டும். எக்ஸ்ரே படம் உடலின் நிழல். நெஞ்சு தகட்டை விட்டு விலகினால் இதயத்தின் நிழல் உள்ளதைவிடப் பெரிதாக விழும், அசைந்தால் கலங்கும்.

இக்கதிரை ஜெர்மானிய அறிஞர் ரான்ட்ஜன் கண்டறிந்தது 1895இல். ஆனால் பிம்பம் ஏன் கலங்குகிறது என்ற ஆய்வு அதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகள் மூத்தது. பஸராவில் 965 அளவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைஸம், ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலால் நாம் அறிந்தவர். கிரகணத்தின் வடிவம் குறித்துத் தனியே ஒரு சிறுநூலும் அவர் எழுதினார். சூரிய கிரகணத்தின்போது சிறு துளை வழியே சுவரில் விழும் ஒளி பிறையாகத் தெரியும். வட்டத் துளை பெரிதாயின் அதே ஒளி வட்டமாகிவிடும். ஏன்? பிறையின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஒளித்திட்டாகப் பரவுகிறது. திட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பிறையை மறைத்துவிடுகின்றன. எக்ஸ்ரே குழாயில் கதிர் பிறக்கும் இடத்தை மிகச் சிறிதாக அமைப்பதும் இத்தகைய கலக்கத்தைக் குறைக்கவே.

எனினும் நிழலுக்கு இன்னொரு குறை உண்டு. எலும்பு, நுரையீரல், இதயம் யாவும் ஒரே தளத்தில் படிந்துவிடும். பல கோணங்களில் நிழல் எடுத்து, ஒவ்வொன்றையும் வந்த வழியே திருப்பிப் பரப்பினால் உள்வடிவம் கிடைக்கும் என்று எண்ணலாம். கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மூட்டம் படரும். இப்னுல் ஹைஸம் கண்ட பிறையின் நிலைதான் இங்கும்.

இதற்குத் தீர்வு கண்டோரில் ஒருவர் நம் சென்னையோடு நெருங்கிய தொடர்புடையவர். 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமை தாங்கியவரும், கொல்லாஜன் புரதத்தின் மூவிழை அமைப்பை வெளிப்படுத்தியவருமான ஜி. என். ராமச்சந்திரன் அவர். பின்னர் பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகத்திற்குச் சென்ற அவர், 1971இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்.

அவர்கள் காட்டிய வழி எளியது. நிழலைத் திருப்பிப் பரப்புமுன் அதைத் திருத்த வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் அதன் சொந்த அளவில் 1/4 பங்கை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து அண்டை இடங்களின் சிறு பங்குகளைக் கழிக்க வேண்டும். 1, 3, 5 என ஒற்றைப்படைத் தொலைவில் உள்ளவை மட்டுமே கழியும். தொலைவின் வர்க்கத்திற்கேற்ப அப்பங்கு குறையும். இவ்வாறு திருத்திய நிழல்களைப் பரப்பினால் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று ஈடுசெய்து மூட்டம் அடங்கும். வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் இருவரும் 1967இல் இதையொத்த முறையைக் கண்டிருந்தனர்.

அதே 1971 அக்டோபரில் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அவர் தொடக்கத்தில் கையாண்டது வேறு கணக்கு. பின்னர் வந்த கருவிகளில் நிழலைத் திருத்திப் பரப்பும் முறையே பரவியது. 1979இல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மக்குக்கும் கிடைத்தது. ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் இருவரின் பெயரும் ‘ராம்-லாக்’ வடிகட்டி என்று பாடநூல்களில் நிலைத்தது.

இப்னுல் ஹைஸமின் பெயரை நம் மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம்; பெரும்பாலும் அத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர் விட்டுச்சென்ற செல்வமோ பெயரன்று, கேள்வி. கலக்கம் எங்கிருந்து வருகிறது என்று பொறுமையாகக் கேட்டவர் அவர். அதே பொறுமையோடு கணக்கிட்டவர்கள் வேறு சமயத்தவர், வேறு காலத்தவர். அந்த அறிவின் பயன் இன்று நம் வீட்டு நோயாளியையும் வந்தடைகிறது. அந்த மரபுக்கு நாம் வாரிசுகள் என்றால், நம் பிள்ளைகள் கணக்கையும் இயற்பியலையும் கண்டு அஞ்சாமல் கற்க வேண்டும். பயனுள்ள கல்வியை இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.