குழு உணர்வும் சாதியும்: வகுப்பறை காட்டும் உண்மை

தமிழகத்தின் தென் மாவட்டப் பள்ளிகள் சிலவற்றில் மாணவர்கள் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டி வருகின்றனர். கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிறது. யாரோடு அமர்வது, யாரைப் பகைப்பது என்பதை அந்நிறமே முடிவு செய்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும், தடுக்க வந்த அவருடைய தங்கையும் தம் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் அதே பள்ளியில் பயின்ற மாணவர்கள். அச்சிறுவர்கள் இவ்வெறியோடு பிறந்தார்களா, அல்லது இது அவர்களுக்குள் விதைக்கப்பட்டதா என்ற கேள்வியை நாம் எழுப்பியாக வேண்டும்.

இக்கேள்வியை வேறொரு சூழலில் எழுப்பியவர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதரான அவர், இரண்டாம் உலகப்போரில் பிரெஞ்சுப் படைவீரராகப் போரிட்டு ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர். உயிரோடு மீண்டபோது அவருடைய குடும்பத்தினரை நாஜிகள் கொன்றிருந்தனர். பின்னர் உளவியலாளராகி, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்களிடம் அவர் நடத்திய சோதனைகள் 1970இல் வெளியாயின. திரையில் தோன்றிய புள்ளிகளைக் கூடுதலாக மதிப்பிட்டோர், குறைவாக மதிப்பிட்டோர் எனச் சிறுவர்கள் இரு குழுக்களாக்கப்பட்டனர். உண்மையில் அப்பிரிவினை குருட்டாம்போக்கில் செய்யப்பட்டது. அவர்களுக்குள் முன்பகை ஏதும் இல்லை. ஆயினும் பணம் பகிர்ந்தளிக்கச் சொன்னபோது தம் குழுவினர்க்கே மிகுதியாக அளித்தனர். தம்மவர்க்குக் கிடைப்பது குறைந்தாலும் மற்றவர்க்கு அதனினும் குறைவாகக் கிடைக்க வேண்டும் என்ற விருப்பமும் அவர்களிடம் வெளிப்பட்டது. பொருளற்ற ஒரு கோடே இவ்வளவு செய்யுமெனில், ஈராயிரம் ஆண்டுகளாகச் சாத்திரமும் நிலமும் காவல் காத்த கோடு என்ன செய்யும்?

இதற்கு விடை கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப்பிரதேசச் சிற்றூர்களில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. ஆதிக்கச் சாதிச் சிறுவர்களுக்கும் தலித் சிறுவர்களுக்கும் வழி கண்டறியும் புதிர்கள் தரப்பட்டன. சரியான விடைக்குப் பணமும் உண்டு. சாதி வெளிப்படாதபோது இரு தரப்பினரும் ஏறத்தாழச் சமமாகவே விடை கண்டனர். எல்லோர் முன்னிலையிலும் சாதியைச் சொல்லி அழைத்த பின்னரோ, தலித் சிறுவர்களின் செயல்திறன் குறிப்பிடத்தக்க அளவு சரிந்தது. அறிவு ஒரு நொடியில் குறைந்துவிடாது. நியாயமாக மதிப்பிடப்படுவோம் என்ற நம்பிக்கையே குலைந்தது. 'தகுதி' பற்றி ஓயாது பேசுவோர் முதலில் படிக்க வேண்டிய ஆய்வு இது.

எனினும், சாதியை இரு குழுக்களின் பகை என்று மட்டும் புரிந்துகொள்வது பிழை. அண்ணல் அம்பேத்கர் அதனைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். ஒவ்வொரு படியில் நிற்பவரும் மேலிருப்பவரால் இழிவுபடுத்தப்படுகிறார். கீழிருப்பவரை இழிவுபடுத்தும் உரிமையும் பெறுகிறார். அவ்வுரிமையை இழக்க மனமின்றியே இந்த அமைப்பைத் தாங்கி நிற்கிறார். ஒடுக்கப்பட்டோர் ஒன்றுசேர இயலாமைக்கு இதுவே வேர்.

ஆகவே கோடுகளை யார் வரைகிறார்கள் என்பதே அரசியல் கேள்வி. நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதி காட்டும் கயிறுகளைத் தடை செய்யவும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இடம்பெறாதிருக்கவும், மாணவர்களை அகர வரிசையில் அமர்த்தவும் பரிந்துரைத்தது. இவற்றைச் சிறு நிர்வாகச் சீர்திருத்தங்கள் என்று ஒதுக்க முடியாது. சாதியை உரக்க வாசிக்கும் வகுப்பறை மாணவரின் ஆற்றலையே பறிக்கிறது என்பதை மேற்கண்ட ஆய்வு மெய்ப்பித்திருக்கிறது.

குழு உணர்வுக்கு மற்றொரு முகமும் உண்டு. மகாராட்டிரத்தின் மகாடு நகராட்சி, சவுதார் குளத்தைத் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிடுவதாக 1924இல் தீர்மானம் இயற்றியது. ஆயினும் அச்சத்தால் அவர்கள் அந்நீரைத் தொட இயலவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் அணிவகுத்துச் சென்று அந்நீரைப் பருகினர். தனியொருவரால் இயலாததைத் திரண்ட மக்கள் செய்து முடித்தனர். தாக்குதல் நிகழ்ந்தும் இயக்கம் ஓயவில்லை. பிறரைத் தாழ்த்துவதற்காகத் திரள்வதும், தாழ்வை ஒழிப்பதற்காகத் திரள்வதும் ஒன்றல்ல. நம் மாணவர் அமைப்புகள் எதற்காகத் திரள்கின்றன என்பதை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம்.