ரெண்டு ஏக்கர் தோப்பும் ஒரு "படக்" சத்தமும்

1/
போன மாசம் பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி ஒருத்தர் முழங்கால் வலிக்குக் காட்ட வந்தார். மருந்துச் சீட்டை வாங்கின பிறகும் எந்திரிக்கல.

"டாக்டருங்க, பையன் பிளஸ் டூ முடிச்சுட்டான். கைரோபிராக்டர் தான் ஆகோணும்னு நிக்கறான். அமெரிக்கா போய்ப் படிக்கோணுமாம். ரெண்டு ஏக்கரா தோப்பக் குடுத்துப்போடலாம்னு இருக்கறனுங்க. வருமானம் வருமுங்களா?"

அவர்கிட்ட சொன்னதை உங்களுக்கும் எழுதறேன். ஏன்னா இதே ரீல்ஸை உங்க வீட்டுப் பிள்ளையும் பார்த்துட்டு இருக்கலாம்.

2/
அந்த ரீல்ஸ் உங்களுக்கும் தெரியும். ஒருத்தரைப் படுக்க வெச்சு, கழுத்தைத் திருப்பினா "படக்". எழுந்தவர் சிரிக்கிறார். அந்தச் சத்தம் எலும்பு சரியான இடத்துல போய் உட்கார்ற சத்தம் இல்லைங்க. மூட்டுக்குள்ள இருக்கற திரவத்துல வாயுக்குமிழி உண்டாகறதால வர்றது. நாம சொடக்கு எடுக்கறோமே, அதே கதை தான்.

ஆனா அமெரிக்காவுல இந்தத் தொழில்ல நல்ல வருமானம் இருக்கறது நிஜம். அது எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா, இங்க வருமான்னும் தெரிஞ்சுடும்.

3/
1895. கோயமுத்தூர்ல ஸ்டேன்ஸ் மில் ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆகியிருந்த காலம். அமெரிக்காவுல அயோவா மாநிலத்து டேவன்போர்ட் ஊர்ல டி.டி. பால்மர்னு ஒருத்தர். காந்த சிகிச்சை பண்ணிட்டு இருந்தவர். முறைப்படி மருத்துவம் படிக்கல. காது கேட்காத ஹார்வி லில்லார்டுங்கற துப்புரவுத் தொழிலாளியோட முதுகெலும்பை அழுத்தினேன், காது கேட்டுச்சுன்னார். பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பு நகர்றது தான் காரணம்னு ஒரு கொள்கையும் சொன்னார். 1897ல பள்ளிக்கூடமே தொடங்கிட்டார்.

முதுகெலும்பை அழுத்தினா காது கேட்கும்ங்கறதுக்கு இன்னிக்கு வரைக்கும் ஆதாரம் இல்லை.

4/
லைசென்ஸ் இல்லாம வைத்தியம் பார்த்தார்னு 1906ல பால்மருக்குத் தண்டனை. அபராதம் கட்ட மறுத்து ஜெயிலுக்குப் போனார். அவருக்குப் பின்னாடி நூத்துக்கணக்கான கைரோபிராக்டர்கள் ஜெயில் பார்த்தாங்க. ஜெயிலுக்குப் போறதையே பிரச்சாரமா மாத்தினாங்க.

1913ல கேன்சஸ் மாநிலம் முதல்ல சட்டம் போட்டுச்சு. 1922ல கலிபோர்னியாவுல மக்கள் ஓட்டுப் போட்டே சட்டம் கொண்டு வந்தாங்க. கடைசியா லூசியானா சேர்ந்தது 1974ல. முதல் மாநிலத்துல இருந்து கடைசி மாநிலத்துக்கு 61 வருஷம்!

1972ல இன்னொரு பெரிய திருப்பம். முதியோருக்கான அரசு காப்பீடான மெடிகேர், முதுகெலும்பைக் கையால சரிசெய்யற சிகிச்சைக்கு மட்டும் பணம் தர ஒத்துக்கிச்சு. இந்த ரெண்டும் தான் அந்த வருமானத்தோட அஸ்திவாரம்: ஒண்ணு சட்டம், இன்னொண்ணு காப்பீடு.

5/
எங்க ஆளுங்க பண்ணின தப்பையும் சொல்லிடறேன். அமெரிக்க மருத்துவச் சங்கம் இவங்களை ஒழிக்கவே 1963ல ஒரு கமிட்டி போட்டுச்சு. கைரோபிராக்டரோட எந்த டாக்டரும் தொழில் தொடர்பு வெச்சுக்கக் கூடாதுன்னாங்க. 1976ல செஸ்டர் வில்க்னு ஒரு கைரோபிராக்டரும் சிலரும் சேர்ந்து வழக்குப் போட்டாங்க. 1987ல மருத்துவச் சங்கம் சட்டத்தை மீறிடுச்சுன்னு தீர்ப்பு வந்துச்சு.

கோர்ட்டு சொன்னது புறக்கணிப்பு தப்புன்னு. பால்மர் கொள்கை சரின்னு சொல்லல. ஆராய்ச்சிகள் காட்டறது இவ்வளவு தான்: சாதாரண இடுப்பு வலிக்கு இந்த சிகிச்சை ஓரளவு உதவும், உடற்பயிற்சி அளவுக்கு. ஆஸ்துமாவுக்கோ குழந்தையோட வயித்து வலிக்கோ உதவும்னு சொல்ல நல்ல ஆதாரம் இல்லை.

6/
இப்ப காசுக் கணக்கு. அமெரிக்காவுல ஒரு கைரோபிராக்டரோட நடுத்தர வருட வருமானம் 75,000 – 80,000 டாலர். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா காலேஜ்ல மூணு நாலு வருஷம், அதுக்கு மேல நாலு வருஷம் படிக்கணும். ஒரு கோடி ரூபாய்க்கு மேல ஆகும்.

1978ல இருந்து 1998 வரைக்கும் அங்க மருத்துவத் துறை மாணவர்களுக்குன்னே ஹீல்னு ஒரு கடன் திட்டம் இருந்துச்சு. கடன் கட்ட முடியாம போனவங்கள்ல பாதிக்கும் மேல கைரோபிராக்டர்கள். அவங்க ஊர்ல, சட்டமும் காப்பீடும் இருந்தும் இந்த நிலைமை.

7/
நம்ம ஊருக்கு வருவோம். கையால எலும்பைச் சரி பண்றது கொங்கு நாட்டுக்குப் புதுசா? கோவையில தெலுங்குபாளையம்னாலே எலும்பு முறிவு வைத்தியம் தான் ஞாபகம் வரும். புத்தூர் கட்டு போர்டு இல்லாத ஊர் குறைவு. தொட்டுப் பார்த்து வைத்தியம் பண்ற கைக்கு இங்க எப்பவும் மரியாதை உண்டு. அதனால கூட்டம் வரும். சந்தேகமே இல்லை.

ஆனா கைரோபிராக்டருக்குன்னு இந்தியாவுல தனி கவுன்சில் கிடையாது. அமெரிக்காவுல வாங்கின பட்டத்தை வெச்சு இங்க மருத்துவரா பதிவு பண்ண முடியாது. காப்பீடும் பெரும்பாலும் அட்மிஷன் போட்டா தான் பணம் தரும். நோயாளி கைக்காசுல தான் வரணும்.

8/
ஒரு கோடி கடன், 10% வட்டின்னு வெச்சுக்குங்க. வட்டி மட்டும் வருஷத்துக்கு 10 லட்சம். மாசம் 83,000 ரூபாய். ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வாங்கறீங்கன்னா, மாசம் 83 பேர் வட்டிக்கு மட்டும் வரணும். வாடகை, உதவியாள் சம்பளம், அசல் எல்லாம் அதுக்கு அப்புறம்.

இந்த நெருக்கடியில என்ன நடக்கும்? ரெண்டு தடவையில சரியாகற வலிக்கு இருபது தடவை வரச் சொல்லத் தோணும்.

9/
கழுத்து விஷயம். வேகமாத் திருப்பும்போது மூளைக்குப் போற ரத்தக்குழாயோட உள்சுவர் கிழிஞ்சு பக்கவாதம் வரலாம். அபூர்வம் தான். ஆனா வந்தா வாழ்க்கை மாறிடும். ரெண்டு வார கோர்ஸ் முடிச்சு போர்டு மாட்டினவங்ககிட்ட கழுத்தைக் கொடுக்காதீங்க. அப்படி ஒருத்தரா உங்க பிள்ளையும் ஆக வேண்டாம்.

10/
அந்த விவசாயிக்கு நான் சொன்னது: பையனுக்குக் கை வைத்தியம் தான் ஆசைன்னா பி.பி.டி., அதாவது பிசியோதெரபி படிக்கட்டும். கோவையிலயே கல்லூரிகள் இருக்கு. 2021 சட்டப்படி பிசியோதெரபிஸ்டுக்கு அங்கீகாரம் உண்டு. முதுகெலும்பைக் கையால சரிசெய்யற நுணுக்கம் அதுக்குள்ளயும் இருக்கு. அதுல பேர் வாங்கின மெய்ட்லண்ட், மல்லிகன் ரெண்டு பேருமே பிசியோதெரபிஸ்டுகள் தான். ஆரம்பச் சம்பளம் குறைவு, அதை மறைக்கல. ஆனா கடன் கழுத்தை நெரிக்காது. அதுக்கப்புறமும் வெளிநாடு போகணும்னா கையில ஒரு தொழிலோட போகலாம்.

கொஞ்ச நேரம் யோசிச்சார். "அப்ப தோப்பு இருக்கட்டுமுங்களா?"

"இருக்கட்டுங்க. பையனை ஒருக்கா கூட்டிட்டு வாங்க, பேசுவோம்."

இன்னும் வரல. வந்தா எழுதறேன்.

உங்க வீட்டுலயும் இந்தப் பேச்சு ஓடுதுன்னா, அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: "இந்தப் பட்டத்தை நம்ம நாட்டுல எங்க பதிவு பண்ணுவ?"